வெப்ப நாட்டுத் தொட்டி மீன்: ஒரு தேர்வின் வரலாறு

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் ஒரே நீரில் இணைக்கும் முறை. மீனின் கழிவு அம்மோனியாவாக நீரில் சேர்கிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகள் நைட்ரேட்டை உரமாக எடுத்துக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் மீன் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த நுண்ணுயிரிகளின் வேலையை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கினார். தொட்டியையும் செடியையும் குழாயால் இணைக்கும் முறை உருவாக இன்னும் 80 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வெப்ப நாடுகளில் எந்த மீன் சிறு நீரில் உயிர் வாழும் என்ற கேள்விக்குப் பல கண்டங்களில் பலர் விடை தேடியிருந்தனர். இன்று வீட்டுத் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுப்பவர் அந்தத் தேடலின் முடிவுகளிலிருந்தே தொடங்குகிறார்.

வெப்பம் விதிக்கும் நிபந்தனைகள்

வெப்ப நாட்டுத் தொட்டியில் முதல் சிக்கல் மூச்சுக்காற்று. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர், லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அந்த அளவு ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் 7 மில்லிகிராமாகவும் குறைகிறது. நீர் சூடாகும்போது மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும் நேரத்தில்தான் செலவு உயர்கிறது. கழிவை மாற்றும் நுண்ணுயிரிகளுக்கும் அதே ஆக்சிஜனில் பங்கு உண்டு.

இரண்டாவது சிக்கல் அம்மோனியா. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றமில்லாத வடிவம் மீனுக்கு நஞ்சு. நீரின் பி.எச். அளவு மாறாமலே வெப்பம் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால், நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிர்நாட்டில் தாங்கக்கூடிய கழிவு, வெப்பநாட்டில் மீனைக் கொல்லும் அளவை எட்டிவிடும்.

மூன்றாவது, தொட்டியின் நெருக்கடி. ஆற்றிலோ ஏரியிலோ மீன் விரும்பிய ஆழத்துக்கு நகர்ந்து தப்பிக்கலாம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் அதற்கு இடமில்லை. 14 முதல் 16 டிகிரி நீரில் செழிக்கும் ட்ரவுட் போன்ற மீன்கள் இந்த நிபந்தனைகளைப் பார்த்ததுமே பட்டியலிலிருந்து விலகுகின்றன. எஞ்சுபவை மூன்று கூட்டங்கள்: கெண்டைகள், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன்கள், திலாப்பியாவும் அதன் உறவினங்களும். வெப்ப நாடுகளின் மீன் வளர்ப்பு வரலாறு பெரும்பாலும் இந்த மூன்று கூட்டங்களைச் சுற்றியே நடந்தது.

குளத்து மரபு

வீட்டை ஒட்டிய நீரில் மீன் வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. எகிப்தின் தீப்ஸ் நகரில் நெபாமூன் என்ற எழுத்தரின் கல்லறைக்காக கி.மு. 1350 அளவில் தீட்டப்பட்ட சுவரோவியம் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மரங்கள் சூழ்ந்த செவ்வகக் குளம், அதில் தாமரை, வாத்து, மீன் என விரியும் அந்தத் தோட்டக் காட்சியின் மீன்கள் திலாப்பியா என்று அடையாளம் காணப்பட்டுள்ளன. நைல் நதிக்காரர்களுக்கு அது உணவாகவும் மறுபிறப்பின் குறியீடாகவும் இருந்தது.

சீனத்தில் கெண்டையே முதல் மீன். ஃபான் லீ என்பவர் பெயரில் வழங்கும், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறு நூல் ஒன்று சாதாக் கெண்டையைக் குளத்தில் பெருக்கும் முறையைச் சொல்கிறது. வயலில் நெல்லோடு மீனும் வளர்க்கும் முறை செஜியாங் மாகாணத்தின் சிங்தியன் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது. மீன் களையையும் பூச்சியையும் தின்கிறது. அதன் கழிவு நெல்லுக்கு உரமாகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 2005இல் இந்த முறையை உலக வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. கழிவு உரமாகும் கொள்கை அக்வாபோனிக்ஸுக்கும் இதற்கும் ஒன்றுதான். மண் மட்டுமே வேறுபாடு.

இந்தியத் துணைக்கண்டத்தில் ஏரி மீன் ஊர்ச்சொத்தாக இருந்தது. தமிழகக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற பெயரில் ஏரி மீன்பிடிப்பின் வருவாய் குறிக்கப்படுகிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் மீன் வகைகளையும் அவற்றுக்கு இரை கொடுக்கும் விதங்களையும் பேசுகிறது. ஆனால் இந்நாட்டின் பெருங்கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் வெள்ளத்தில் மட்டுமே முட்டையிடுபவை. வளர்ப்போர் மழைக்காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளை அள்ளிவர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இக்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அந்த நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குஞ்சுத் தட்டுப்பாடு அதன்பின் படிப்படியாகத் தீர்ந்தது. எனினும் பரந்த குளத்தில் வெவ்வேறு ஆழங்களில் மேயும் இந்த மீன்கள் சிறு தொட்டியில் மெதுவாகவே வளர்கின்றன. ஆகவே குளத்து மரபு தொட்டிக்கு நேராக இறங்கி வரவில்லை.

கௌராமியும் பனையேறியும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆட்சியாளர்கள் வேறொரு வழியைத் தேடினர்: ஒரு வெப்ப நாட்டின் மீனை இன்னொரு வெப்ப நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்குவது. அவர்கள் கைவைத்த மீன்களுள் ஒன்று ஜாவாவின் பெருங்கௌராமி. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அதை மொரீசியஸ் தீவில் வளர்த்திருந்தனர். 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் காலத்தில் மொரீசியஸிலிருந்து அது சென்னைக்கு வந்தது. 1907இல் ஃபிரெடெரிக் நிகல்சனின் தலைமையில் தொடங்கிய சென்னை மாகாண மீன்வளப் பணி, 1916இல் கௌராமியை மீண்டும், இம்முறை ஜாவாவிலிருந்து, வரவழைத்தது.

கௌராமியின் தகுதி அதன் தலைக்குள் இருக்கும் மடிப்புகள் நிறைந்த மூச்சுறுப்பு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். இலைதழைகளையும் தின்னும், இறைச்சியும் சுவையானது. ஆனால் மிக மெதுவாக வளரும், குளிரைத் தாங்காது. அதனால் சில பண்ணைக் குளங்களைத் தாண்டி அது பெரிதாகப் பரவவில்லை.

அதே மூச்சுறுப்புள்ள உள்நாட்டு மீன்கள் அக்கரையிலிருந்து வரவேண்டிய தேவையின்றி இங்கேயே இருந்தன. தரங்கம்பாடியில் டேனிஷ் படை அலுவலராக இருந்த டால்டார்ஃப், 1791இல் பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தின் மீது நீர்மட்டத்துக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அக்குறிப்பை 1797இல் வெளியிட்டது. அதே ஊரில் மறைப்பணியாளராக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், தென்னிந்திய மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்குஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். விரால், கரிமீன், பனையேறி ஆகியவற்றுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது பிளாக்கின் நூல்கள் வழியாகத்தான்.

விராலும் தேளியும் கெளுத்தியும் வற்றும் குளத்துச் சேற்றிலும் உயிர் பிடித்திருக்கும். மீன்காரர் குடத்து நீரில் உயிரோடு சுமந்துவந்து விற்ற மீன்கள் இவை. தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான உடல்வாகு வேறில்லை. ஆனாலும் இவை ஊனுண்ணிகள்; விரால் தன்னினக் குஞ்சையே தின்றுவிடும்; இரையில் புரதம் மிகுதியாக வேண்டும். செயற்கைத் தீவனம் மலிவாகக் கிடைக்காத காலத்தில் இவற்றை வளர்ப்பது ஆதாயமாகவில்லை. பண்ணை மீனாக இவை மதிக்கப்பட இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜாவாவின் ஐந்து மீன்கள்

வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் மொசாம்பிக்கில் சேகரித்த ஒரு மீனை 1852இல் விவரித்தார். அதுவே மொசாம்பிக் திலாப்பியா. கிழக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளின் இந்த மீன் 1939இல் ஜாவாத் தீவின் தென்கரையில், பிளிடார் நகருக்குத் தெற்கே செராங் ஆற்றின் கழிமுகத்தில் அகப்பட்டது. முஜாயிர் என்ற உள்ளூர்க்காரர் பிடித்தவை ஐந்து: மூன்று ஆண், இரண்டு பெண். ஆப்பிரிக்காவிலிருந்து அவை எவ்வழி வந்தன என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. உப்பங்கழி மீனைக் கிணற்று நீருக்குப் பழக்கித் தம் குளத்தில் பெருக்கிய முஜாயிரின் பெயரே இந்தோனேசியாவில் அந்த மீனுக்கும் நிலைத்தது.

இரண்டாம் உலகப்போர் அதைப் பரப்பியது. ஜாவாவின் கடலோர உப்பங்கழிப் பண்ணைகள் பால்கெண்டைக் குஞ்சுகளை நம்பியவை. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தக் குஞ்சுகள் வருவது தடைப்பட, பண்ணைகளில் திலாப்பியா இறக்கப்பட்டது. அது உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழ்ந்தது. பாசி, தவிடு, சமையலறை மிச்சம் எதையும் தின்றது. ஆற்றையோ பொரிப்பகத்தையோ எதிர்பாராமல் தானே பெருகியது. பெண்மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் ஏற்றுக்கொள்ளும். குஞ்சுச் சேதம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

போருக்குப் பின் 1946இல் வூ செங்குவெய், குவோ சிசாங் என்ற இரு தைவான்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து சிறு எண்ணிக்கையில் குஞ்சுகளை ஊருக்குக் கொண்டுசென்றனர். இருவரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்து வூ-குவோ மீன் என்று தைவான் அதை அழைத்தது. ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் 1950களில் பரவிய மொசாம்பிக் திலாப்பியாக்களில் பெரும்பாலானவை ஜாவாவின் அந்த ஐந்து மீன்களின் வழிவந்தவை. உறவுக்குள் இனப்பெருக்கம் தொடர்ந்ததால் உருவான பலவீனம் பின்னாளில் வெளிப்பட்டது.

மண்டபம், 1952

இலங்கைக்கு மொசாம்பிக் திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் வந்தது. அத்தீவின் உலர்வலயத்தில் மன்னர்கள் கட்டிய நூற்றுக்கணக்கான பெருங்குளங்கள் இருந்தன. தீவின் சொந்த மீன்கள் ஆறுகளிலும் சதுப்புகளிலும் வாழப் பழகியவை. பரந்த தேங்குநீரை முழுதும் பயன்படுத்தும் மீன் அவற்றில் இல்லை. அந்த வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம் உள்ளிட்ட நீர்த்தேக்கங்களில் சில ஆண்டுகளுக்குள் பிடிபடும் மீனில் பெரும்பங்கு அதுவே ஆனது. கடலிலிருந்து தொலைவில் வாழ்ந்த உழவர்களுக்கு மலிவான புரதம் கிடைத்தது.

1952இல் இலங்கையிலிருந்து அது பாக் நீரிணையைக் கடந்து இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்கு வந்தது. அங்கே என். கே. பணிக்கரின் தலைமையில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையம் அதை ஆராய்ந்தது. மண்டபத்திலிருந்து தமிழகக் குளங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் குஞ்சுகள் சென்றன. சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்ற பெயர் நிலைத்தது.

விரைவிலேயே அதன் குறை தெரிந்தது. மொசாம்பிக் திலாப்பியா இரண்டு மூன்று மாதங்களிலேயே, விரல் நீள அளவில் இருக்கும்போதே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் முட்டையிடும். இரை குறைந்த குளத்தில் கூட்டம் பெருகப் பெருக எந்த மீனும் வளராது. உள்ளங்கை அளவைத் தாண்டாத மீன்களால் குளம் நிறையும். கட்லா, ரோகுவின் இரையில் பங்குபோடும் என்ற அச்சமும் சேர்ந்தது. 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. ஆயினும் அது வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி போன்ற நீர்த்தேக்கங்களில் வேரூன்றியது; தடையால் அதை வெளியேற்ற முடியவில்லை. உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பின்னர் அது இடம்பெற்றது. அதே வேளையில் தன் சொந்த மண்ணான தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், அங்கே கொண்டுவிடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தூய இனம் அருகிவருகிறது.

நைல் திலாப்பியா

1965இல், அப்போது ஜப்பானின் பட்டத்து இளவரசரும் மீனியல் ஆய்வாளருமாக இருந்த அகிஹித்தோ, தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு 50 நைல் திலாப்பியாக்களை அனுப்பினார். பாங்காக்கின் சித்ரலதா அரண்மனைக் குளத்தில் அவை பெருகின. மறு ஆண்டு பல்லாயிரம் குஞ்சுகள் மீன்வளத் துறைக்கு வழங்கப்பட்டு நாடெங்கும் பரவின. நைல் திலாப்பியா மொசாம்பிக் இனத்தைவிடத் தாமதமாக, ஐந்தாறு மாதங்களில் பருவமடையும். அதற்குள் விற்கும் எடையை நெருங்கிவிடும்.

கட்டுக்கடங்காத பெருக்கத்துக்கான விடை 1970களில் வந்தது. ஆண் திலாப்பியா பெண்ணைவிட வேகமாக வளரும். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரங்கள் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாம் ஆணாகவே வளரும். ஒரே பாலினக் குஞ்சு என்று பண்ணையாளர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். குளம் குஞ்சுகளால் நிறையும் பழைய தொல்லை இதனால் கட்டுக்குள் வந்தது. இதே காலத்தில் தைவானில் சிவப்பு நிற மொசாம்பிக் திலாப்பியாவை நைல் இனத்தோடு கலந்து சிவப்புத் திலாப்பியா உருவாக்கப்பட்டது. கறுப்பு மீனை வாங்கத் தயங்கியவர்களிடமும் அது விலைபோனது.

1988இல் பிலிப்பைன்ஸில் இன மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. இன்று வேர்ல்டுஃபிஷ் என அறியப்படும் பன்னாட்டு மையமும் நார்வே, பிலிப்பைன்ஸ் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளின் இயற்கை நீர்களிலிருந்து நைல் திலாப்பியாவைப் புதிதாகத் திரட்டின. ஆசியாவில் வளர்ப்பிலிருந்த நான்கு இனங்களையும் சேர்த்துக்கொண்டன. ஆசியக் குளங்களில் இருந்தவை சிறு எண்ணிக்கை மூதாதையரின் வாரிசுகள் என்பதால் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப்போக வேண்டியிருந்தது. தலைமுறைதோறும் வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் பெற்றோராக்கியதில், முதல் ஐந்து தலைமுறைகளில் ஒவ்வொன்றிலும் வளர்ச்சி 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அந்த இனமே கிஃப்ட் திலாப்பியா. மரபணு மாற்றம் எதுவும் இதில் இல்லை. விதைக்கு நல்ல கதிரை எடுத்துவைக்கும் உழவர் முறையே இது.

இந்தியா 2009இல் நைல் திலாப்பியா வளர்ப்பை நிபந்தனைகளோடு அனுமதித்தது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், வேர்ல்டுஃபிஷுடன் இணைந்து விஜயவாடா அருகே கிஃப்ட் இனத்தைப் பராமரிக்கத் தொடங்கியது. மாநில மீன்வளத் துறையில் பதிவு, மீன் தப்பாத கரைப் பாதுகாப்பு, ஒரே பாலினக் குஞ்சு ஆகியவை அனுமதியின் சாரம்.

தொட்டியும் செடியும் இணைந்த காலம்

1969இல் தொடங்கி, அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் இயங்கிய நியூ ஆல்கெமி நிறுவனத்தில் ஜான் டாட், நான்சி ஜாக் டாட், வில்லியம் மெக்லார்னி ஆகியோர் ஒளி ஊடுருவும் கண்ணாடியிழைத் தொட்டிகளில் திலாப்பியா வளர்த்து, அந்த நீரைக் காய்கறிக்குப் பாய்ச்சினர். 1977இல் ஜெர்மனியில் லுட்விக் நேகல் திலாப்பியா, கெண்டை ஆகியவற்றின் நீரில் தக்காளியும் லெட்டூஸும் வளர்த்துப் பதிவுசெய்தார். 1980களில் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி, திலாப்பியாத் தொட்டி நீரை மணல் பாத்திக்கு விட்டுத் தக்காளியும் வெள்ளரியும் எடுத்தார். மணலே வடிகட்டியாகவும் நுண்ணுயிரிகளின் இருப்பிடமாகவும் இருந்தது.

வெப்ப நாட்டு அக்வாபோனிக்ஸ் முதிர்ந்தது கரீபியன் கடலின் செயின்ட் குரோய் தீவில். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, மழைநீரைத் தேக்கிப் பயன்படுத்தும் தீவு அது. வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் 1980இல் சேர்ந்த ஜேம்ஸ் ராகோசி ஒரே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் அமைப்பை ஏறத்தாழ 30 ஆண்டுகள் மேம்படுத்தினார். ஒவ்வொன்றும் 7,800 லிட்டர் கொள்ளும் நான்கு மீன் தொட்டிகள், மிதக்கும் பலகைகளில் செடிகள் நிற்கும் ஆறு நீர்த்தொட்டிகள், 214 சதுர மீட்டர் பயிர்ப்பரப்பு என்பது அதன் வடிவம். ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டி அறுவடை. ஒரு மீன் 24 வாரம் வளரும். 2004இல் வெளியான கணக்கின்படி நைல் திலாப்பியா சராசரி 800 கிராமுக்கு மேலும், நெருக்கமாக விடப்பட்ட சிவப்புத் திலாப்பியா 500 கிராமுக்குச் சற்று மேலும் எடை காட்டின. ஆண்டுக்கு 4 டன்னுக்கு மேல் மீன் கிடைத்தது. நாள்தோறும் சேர்க்கவேண்டிய புதுநீர் மொத்த நீரில் 1.5 விழுக்காடு அளவே.

ராகோசியின் இன்னொரு பங்களிப்பு ஒரு விகிதம்: ஒரு சதுர மீட்டர் பயிர்ப்பரப்புக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீன் தீவனம். செடிக்கு எவ்வளவு மீன் என்ற குழப்பத்தை அது, செடிக்கு எவ்வளவு தீவனம் என்ற கணக்காக மாற்றியது. தீவனத்தை நாள்தோறும் ஆவலாகத் தின்று, நெருக்கத்தையும் தாங்கும் மீன் வேண்டும் என்பது இக்கணக்கின் உட்பொருள். திலாப்பியா அந்த இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் காரணம். 1990களில் மிசௌரியின் டாம், பாலா ஸ்பெரேனியோ தம்பதி மணலுக்குப் பதில் சரளைக்கல் நிரப்பி முறையை எளிதாக்கினர். வீட்டளவு அமைப்புகள் பரவியது அவ்வடிவில்தான்.

தடையுள்ள நாடுகளின் தேர்வு

எல்லா வெப்ப நாடுகளும் திலாப்பியாவை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1970களில் நீர்நிலைகளில் தப்பிப் பெருகிய மொசாம்பிக் திலாப்பியா தீங்கு மீனாக அறிவிக்கப்பட்டது. அதை உயிரோடு வைத்திருப்பதே குற்றம். 2000களில் வீட்டுக் கொல்லை அக்வாபோனிக்ஸ் அந்நாட்டில் பெரிதும் பரவியபோது வளர்ப்போர் உள்நாட்டு மீன்களுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. உள்நிலத்து வறண்ட ஆறுகளின் ஜேட் பெர்ச் வெப்பநீரில் வேகமாக வளர்ந்து, கொழுப்பு மிக்க இறைச்சி தந்தது. வடபகுதியில் கொடுவாவும், குளிர்ந்த தென்பகுதியில் சில்வர் பெர்ச், மரே காட் போன்றவையும் தொட்டிக்கு வந்தன. சட்டம் ஒரு வாசலை அடைத்ததால் அங்கே நான்கு மீன்கள் பழக்கத்துக்கு வந்தன.

கெளுத்தியின் கதை இதற்கு மாறானது. வேகமாக வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தி 1990களில் அனுமதியின்றி வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து உள்நாட்டு மீன்களை விழுங்கத் தொடங்கியது. அதன் வளர்ப்பு பின்னர் தடைசெய்யப்பட்டது. இந்தோனேசியாவிலோ கெளுத்தி வாளி வளர்ப்பாகவே பரவியது. 80 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் கெளுத்திக் குஞ்சுகள், விளிம்பில் தொங்கும் குவளைகளில் வள்ளைக்கீரை என்பதே அமைப்பு. மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் பம்பும் மின்சாரமும் வேண்டாம். அழுக்கு நீரை அவ்வப்போது மாற்றினால் போதும்.

மின்சாரமும் நிலமும் அரிதான காசாப் பகுதியில் உணவு, வேளாண் அமைப்பு 2010ஐ ஒட்டி, பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களின் மொட்டைமாடிகளில் சிறு அமைப்புகளை நிறுவியது. மீன் திலாப்பியா. இத்தகைய அனுபவங்களைத் திரட்டி அவ்வமைப்பு 2014இல் வெளியிட்ட சிற்றளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, வீட்டமைப்பில் 1,000 லிட்டர் நீருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ராகோசியின் தொட்டிகள் தாங்கிய எடையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மின்சாரம் நின்றாலும் மீன் பிழைக்க இடைவெளி தருவதே நோக்கம்.

இன்றைய வீட்டுத் தொட்டி

இந்த வரலாறு தந்த பட்டியல் குறுகியது. நைல் திலாப்பியாவுக்கு 27 முதல் 30 டிகிரி நீர் உகந்தது. 35 டிகிரியையும் தாங்கும். 12 டிகிரிக்குக் கீழே இறக்கும். 28 முதல் 32 விழுக்காடு புரதமுள்ள மலிவுத் தீவனம் போதும். ஆறு முதல் எட்டு மாதத்தில் அரை கிலோவை எட்டும். சட்டம் அனுமதிக்கும் இடங்களில், பதிவுபெற்ற பொரிப்பகத்தின் ஒரே பாலினக் குஞ்சுகளை வாங்க முடிந்தால், முதல் தொட்டிக்கு ஏற்ற மீன் அதுவே.

சாதாக் கெண்டை 25 முதல் 30 டிகிரியில் நன்கு வளரும். குளிரையும் தாங்கும் என்பதால் கோடையும் பனியும் மாறிவரும் ஊர்களுக்கு ஏற்றது. கட்லா, ரோகு ஆகியவற்றுக்குப் பரந்த தொட்டியும் பொறுமையும் வேண்டும். விராலும் உள்நாட்டுக் கெளுத்திகளும் மின்தடை மிகுந்த ஊர்களில் துணிந்து வைக்கத்தக்கவை. குதித்துத் தப்பாமல் வலை மூடுவதும், குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரிப்பதும், புரதம் மிக்க தீவனச் செலவும் அவற்றுக்கான விலை. திலாப்பியாவின் தென்னாசிய உறவினமான கரிமீன், வீட்டுத் தொட்டியில் மெதுவாக வளர்ந்தாலும் சந்தையில் உயர்ந்த விலை பெறும். கேரளம் 2010இல் அதை மாநில மீனாக அறிவித்தது. கொடுவாவுக்கு 38 விழுக்காட்டுக்கு மேல் புரதமும் நிறைந்த ஆக்சிஜனும் வேண்டும். புதியவருக்கு அது உகந்ததன்று. மீன் உண்ணாத வீட்டில் செடிக்கு உரம் மட்டுமே வேண்டுமென்றால் தங்கமீனும் கோயியும் அதே வேலையைச் செய்யும்.

சுவை இத்தேர்வில் கடைசியாகவே வருகிறது. கோடையின் உச்சத்தில் தொட்டி நீர் எவ்வளவு சூடாகும், பம்பு நின்றால் மீன் எத்தனை மணி நேரம் தாங்கும், குஞ்சு எங்கிருந்து வரும், மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்ற நான்கையும் பார்த்த பிறகே அது முன்வர வேண்டும். ஐந்து மீன்கள் ஆசியாவையே நிறைத்த வரலாற்றைக் கண்டவர்கள் இன்னொன்றையும் கடைப்பிடிக்க வேண்டும்: வளர்ப்பை நிறுத்தும்போது எஞ்சிய மீனை உண்ணலாம், விற்கலாம், வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம், அயல்மீன் எதையும் ஏரியிலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ விடக்கூடாது.